உப்பு மறந்த நாக்கு

பாதரசம் ஏறிக்கொண்டே போயிற்று. டாக்டர் கண்ணப்பன் ரப்பர் பந்தை அமுக்குவதை நிறுத்தினார். ஸ்டெதஸ்கோப்பைச் சிறுமி அலமேலுவின் முழங்கை மடிப்பில் வைத்துக் காற்றை மெல்ல இறக்கினார். மறுபடியும் ஏற்றினார், மறுபடியும் இறக்கினார். பட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையின் தாய் சொர்ணவல்லியைப் பார்த்தார்.

"பிரஷர் இறங்கியிருக்கணும். ஏறியிருக்கு" என்றார்.

ஊறுகாய் கொடுத்தீர்களா, அப்பளம், வடகம், கருவாடு, மோர்மிளகாய், ஹோட்டல் பலகாரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொர்ணவல்லி ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். அவள் சொன்னது நிஜம். சோற்றோடு எதைத் தொட்டுக்கொள்கிறாள் என்று டாக்டர் கேட்டதற்கு, அவள் கணவர் செல்லமுத்து முந்திக்கொண்டார். தம் கடைப் பத்தியப் பொடி, சீரகம், மிளகு, சுக்கு, கறிவேப்பிலை, பத்தியத்துக்கு உள்ளதெல்லாம் போட்டுத் தாமே இடித்தது என்றார். டாக்டர் சரி என்று தலையாட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து இருவரையும் பார்த்தார்.

"வீட்டுல யாரோ பிள்ளைக்கு உப்பு குடுக்கிறீங்க. பாசத்துலதான் குடுக்கிறீங்க. ஆனா அது விஷம்."

சொர்ணவல்லி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலங்குடிக் கடைவீதியில் செல்லமுத்துவுக்கு நாட்டு மருந்துக் கடை. அவருடைய அப்பா வைத்தது. அலமேலு ஒரே பிள்ளை, நாலாம் வகுப்பு. கோடையில் கால் முழுக்கச் சிரங்கு வந்து, வேப்பிலை அரைத்துப் போட்டு ஆறியிருந்தது. பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் ஒரு காலை முகம் வீங்கிப்போய் எழுந்தாள். கண் இருக்கும் இடமே தெரியவில்லை. ஒன்றுக்குப் போனது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அன்றே புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார்கள்.

சிரங்கின் விஷம் சிறுநீரகத்தில் இறங்கிவிட்டது என்றார் கீழராஜ வீதி டாக்டர் கண்ணப்பன். ரத்த அழுத்தமும் இருக்கிறது என்றார். செல்லமுத்துவுக்கு நம்பிக்கை வரவில்லை. அது கார் வைத்திருக்கிற பெரிய மனுஷர்களுக்கு வருகிற வியாதி அல்லவா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குமா வரும்? வரும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கெட்டுப்போன சிறுநீரகத்தால் உப்பை வெளியே தள்ள முடியாது. உள்ளே தங்கின உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதனால்தான் வீக்கம், அதனால்தான் அழுத்தம். சிறுநீரகம் தானாகச் சரியாகிவிடும், அதுவரைக்கும் ஒரு கல் உப்புக்கூட உள்ளே போகக் கூடாது. அழுத்தம் மூளையைத் தொட்டால் வலிப்பு வரும், அதற்கு மேல் தம் கையில் இல்லை. தலைவலி, வாந்தி, கண் மங்கல், இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே கிளம்பி வரவேண்டும்.

தலைவலி, வாந்தி, கண் மங்கல். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொர்ணவல்லி இதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

செல்லமுத்துவின் மனசில் தங்கியது வேறொன்று. எழுதிக் கொடுத்த மாத்திரை எதிலிருந்து செய்தது என்று கேட்டதற்கு, சர்ப்பகந்தா வேரிலிருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வேர் இவர் கடையில் மூட்டையாகக் கிடந்தது.

"நம்ம சரக்கத்தான் சீசாவுல அடைச்சுக் குடுக்குறாங்க, பாத்தியா" என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெளிச்சி வந்தது. பிள்ளையைக் காப்பாற்ற நம் கையிலும் ஏதோ இருக்கிறது என்ற தெளிச்சி. அவளுக்கும் அது அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது.

உப்பில்லாத சோற்றை அலமேலு துப்பினாள். மண் மாதிரி இருக்கிறது ஆத்தா என்று அழுதாள். ஒருநாள் முழுக்க வெறும் வயிற்றோடு கிடந்தாள். மறுநாள் செல்லமுத்து கடையிலிருந்து ஒரு டப்பாவில் பத்தியப் பொடி கொண்டுவந்தார். கொஞ்சம் நெய்விட்டு அதைப் பிசைந்து கொடுத்தால் பிள்ளை சாப்பிட்டது. சொர்ணவல்லி ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தாள். மிளகுக் காரமும் சீரக வாசனையும்தான் தெரிந்தன. மற்றபடி சப்பென்றுதான் இருந்தது. இது பிள்ளைக்கு எப்படிப் பிடிக்கிறது என்று ஆச்சரியப்பட்டாள், சாமிக்கு நன்றி சொன்னாள்.

அப்படி இருந்தும் அழுத்தம் ஏறியிருக்கிறது.

ஆலங்குடியில் இறங்கி வீடு வந்தார்கள். செல்லமுத்து பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். உப்புச் சாடியைக் கடைக்குக் கொண்டுபோய்விடுவதென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவருடைய அக்கா பொன்னம்மாள் குறுக்கே நின்றாள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா உப்ப வெளிய கொண்டு போறியே தம்பி. வீடு வெளங்குமா?"

"பிள்ளை வெளங்கட்டும்க்கா. இனிமே இந்த வீட்டுல யாருக்கும் உப்பு கெடையாது. எனக்கும் கெடையாது. இருந்தாத்தானே எடுக்கச் சொல்லும்."

அதோடு விட்டிருந்தால் சொர்ணவல்லி தாங்கியிருப்பாள். படியில் இறங்கினவர் திரும்பிப் பார்த்து, அவள் சமைக்கும்போது அக்கா அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கட்டும் என்றார். பிள்ளைக்கு ஊட்டும்போதும் பக்கத்தில் இருக்கட்டும் என்றார். சொர்ணவல்லியின் பெயரை அவர் சொல்லவில்லை.

அன்று முதல் அடுப்புக்கு எதிரே ஒரு பலகையைப் போட்டுப் பொன்னம்மாள் உட்கார்ந்தாள். அவளுக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை. பிடிக்காத வேலையைச் செய்கிறவர்களின் வாய் சும்மா இருக்காது.

"உப்பில்லாமப் படைக்கிறது செத்தவங்களுக்குத்தான் சொர்ணம். இது உசுரோட இருக்குற பிள்ளை. ஒங்க டாக்டருக்கு அது தெரியுமா, தெரியாதா?"

சொர்ணவல்லி கீரையைக் கடைந்தாள். அந்தப் பேச்சுதான் அவள் மனசில் விஷத்தைக் கலந்தது. இப்படி நினைக்கிறவள் சும்மா இருப்பாளா? பிள்ளை கேட்டால் முந்தானையில் முடிந்து ஒரு முறுக்கைக் கொண்டுவந்து கொடுக்க மாட்டாளா? அதற்குப் பிறகு காவல் இரண்டு பக்கமும் நடந்தது. பொன்னம்மாள் இவள் கையைப் பார்த்தாள், இவள் பொன்னம்மாளின் மடியைப் பார்த்தாள். மதினி குளிக்கப் போன சமயத்தில் அவள் சுருக்குப்பையை அவிழ்த்துப் பார்த்தாள். வெற்றிலையும் புகையிலையும்தான் இருந்தன. அலமேலுவின் பாயை உதறினாள், தலையணை உறைக்குள் கையை விட்டாள். வீட்டுப்பாடம் சொல்ல வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொன்னாள். அந்தப் பெண் பயந்துபோய் மறுநாள் வரவில்லை.

ஒன்றும் அகப்படவில்லை. வீக்கமும் வடியவில்லை.

முதலில் கொஞ்ச நாள் உப்பில்லாத சோறு நனைந்த காகிதத்தை மெல்லுவதுபோல் இருந்தது. குழம்பைப் பார்த்தாலே குமட்டியது. பிறகு நாக்கு மெல்லப் பழகியது. கத்தரிக்காய்க்குள் இத்தனை நாள் தெரியாத ஓர் இனிப்பு தெரிந்தது. முளைக்கீரைக்கு அதற்கே உரிய ஒரு கரிப்பு இருப்பது தெரிந்தது. பொன்னம்மாள்கூட ஒருநாள், மோர் வெறுமனேயே நல்லாத்தான் இருக்கு என்று முணுமுணுத்தாள். செல்லமுத்து மட்டும் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரவில் இரண்டு கவளம் சாப்பிட்டு எழுந்துவிடுவார். மத்தியானத்துக்குக் கடைக்குக் கொண்டுபோகிற தூக்குச்சட்டி தினமும் கழுவி வந்தது.

அலமேலு ஒரு காலையில் தலை வலிக்கிறது என்றாள். லேசாகத்தான் என்றாள். செல்லமுத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வயிறு நிறையத் தின்றால் தெம்பு வரும், பிள்ளை கேட்டால் பொடியை இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போடு என்றார். மத்தியானமும் வலி நிற்காவிட்டால் புதுக்கோட்டைக்குப் போய்விடுவோம், சந்தை நாள், கடையைத் திறந்து வைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். சொர்ணவல்லிக்கு அப்போதே கிளம்பவேண்டும்போல் இருந்தது. மறுபடியும் அந்த டாக்டர் முன்னால் போய்க் குற்றவாளியாக நிற்கவேண்டுமே என்ற நினைப்பு வந்தது. மத்தியானம் வரை பார்க்கலாம் என்று இருந்துவிட்டாள்.

மத்தியானச் சோற்றை இரண்டு வாய் வாங்கிக்கொண்டு அலமேலு தட்டைத் தள்ளினாள்.

"வேணாம் ஆத்தா. தலை இடிக்குது."

ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று சொர்ணவல்லி கெஞ்சிக்கொண்டே பிடித்த கவளத்தை என்ன செய்வது என்று தெரியாமல், தாய்மார்கள் எல்லாரும் செய்கிறபடி தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

நாக்கு சுட்டது.

மிளகு இல்லை அது. மிளகு தெரிவதற்கு முன்னாலேயே வாய் முழுக்கக் கரித்தது. கடல் தண்ணீரை விழுங்கினதுபோல் இருந்தது. அவள் மெல்வதை நிறுத்திவிட்டாள். டப்பாவைத் திறந்து வெறும் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். முதல் நாள் சப்பென்று இருந்த அதே பொடிதான். பிறகு எதிரே இருந்த பொன்னம்மாளிடம் நீட்டினாள்.

"மதினி, இதக் கொஞ்சம் வாயில போடுங்க."

பொன்னம்மாள் போட்டாள். அவள் முகம் மாறியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் ஒருத்தி மடியை ஒருத்தி பார்த்த பார்வை அதில் இல்லை.

"உப்புடி இது" என்றாள் பொன்னம்மாள், மெதுவாக.

அப்போது அலமேலு எதிர்ச் சுவரைக் காட்டி, காலண்டரில் எழுத்தெல்லாம் ஏன் கலைந்து கிடக்கிறது என்று கேட்டாள். கேட்டு முடிக்குமுன் வாந்தி எடுத்தாள்.

சொர்ணவல்லி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடைப்பக்கம் போனதில்லை. அன்று செருப்பில்லாமல், வாரி முடியாத தலையோடு போனாள். கடை முன்னால் கூட்டம். செல்லமுத்து தராசைப் பிடித்திருந்தார். அவளைப் பார்த்ததும் தட்டு சாய்ந்தது.

"பிள்ளைக்குக் கண்ணு மங்குது. மதினி வண்டி பிடிச்சு பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டியாராங்க. கெளம்புங்க."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவள் டப்பாவை நீட்டி, இதில் என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். அவர் முன்பு டாக்டரிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னார். அதற்கு மேல் என்ன என்று அவள் கேட்டாள். அவர் மேல்தட்டு ஜாடியைப் பார்த்தார். அதில் இளஞ்சிவப்புக் கட்டிகள் இருந்தன.

"இந்துப்பு. வேற என்ன? நாடு பிரிஞ்சதுக்கப்புறம் அந்தக் கல்லு வாரதே அபூர்வம். பிள்ளைக்குன்னு நல்லதாப் பாத்துப் போட்டேன்."

"அது உப்பு இல்லையா?"

"பைத்தியமா ஒனக்கு? கடல் உப்புதான் ஆகாது. இது மலையில வெட்டுறது. பத்தியக்காரங்களுக்கு எங்கப்பா காலத்துலேருந்து இதத்தான் குடுக்குறோம். எத்தனை வீட்டுக்குக் குடுத்திருப்பேன்."

அவள் வாதாடவில்லை. வாயில் போட்டுப் பாருங்கள் என்றாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சிட்டிகைப் பொடியை வாயில் போட்டுச் சப்பினார். இன்னொரு சிட்டிகையும் போட்டார்.

"எங்க கரிக்குது? மிளகுதான் ஒறைக்குது."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தன் நாக்கில் இன்னும் எரிவது அவர் நாக்குக்கு ஏன் தெரியவில்லை? அவள் பார்வை கீழே போனது. கல்லாப்பெட்டிக்கு அருகில் எண்ணெய் ஊறின காகிதம், அதில் பாதி கடித்த வடை. மூலையில் தூக்குச்சட்டி, மூடி திறக்காமல்.

"மத்தியானத்துல நீங்க எங்க சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள்.

செல்லமுத்து தராசைப் பார்த்தார். கையில் இருந்த படிக்கல்லைப் பார்த்தார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.

பஸ்ஸில் அலமேலுவின் தலை அவள் மடியில் இருந்தது. சாலையில் குழிக்குக் குழி பஸ் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தூக்கலுக்கும் பிள்ளையின் விரல்கள் வெட்டின. அது பஸ்ஸின் ஆட்டமா, வலிப்பா என்று சொர்ணவல்லிக்குப் புரியவில்லை. பஸ் நின்ற இடங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்களையே பார்த்தாள். நிற்கும்போது அசையாமல் இருந்தால் பஸ்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அசையாமல் இருந்தன. முந்திரிக்காடு கடந்து ஒரு மரத்தடியில் ஆள் ஏற்ற நின்றபோது அசைந்தன.

"அப்பா" என்று அலமேலு முனகினாள். எதிர் சீட்டில் செல்லமுத்து டப்பாவை இரண்டு கையாலும் முழங்காலோடு சேர்த்துப் பிடித்திருந்தார். வாயைத் திறந்தால் அழுதுவிடுகிறவர்போல் இருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். கோபப்பட இது நேரமில்லை என்று கோபத்தைத் தள்ளிவைத்தாள்.

டாக்டர் வீட்டில் பாதரசம் நூற்று எழுபதைத் தொட்டது. பிள்ளையின் உதட்டோரம் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் கம்பவுண்டரை அழைத்து ஊசி கேட்டார். குரல் நிதானமாகத்தான் இருந்தது, கை மட்டும் அவசரமாக இயங்கியது. ஒரு ஊசி, சற்றுப் பொறுத்து இன்னொரு ஊசி. ஜன்னல்களைச் சாத்தி அறையை இருட்டாக்கச் சொன்னார். உதட்டு இழுப்பு நின்றது. அதற்குப் பிறகுதான் டப்பாவைக் கேட்டார். விரலால் தொட்டு ருசி பார்த்தார்.

"யார் செஞ்சது?"

சொர்ணவல்லியின் நாக்கு நுனியில் பதில் இருந்தது. ஊட்டினது தன் கைதான் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"நாந்தாங்க" என்றார் செல்லமுத்து. "இந்துப்பு போட்டேன். எங்க கடைச் சரக்கு. இவ மேலதான் சந்தேகப்பட்டேன். அடுப்படிக்குக் காவல் போட்டேன்."

டாக்டர் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் டப்பாவை மூடினார்.

"மலையில வெட்டுனாலும் உப்புதான், கடல்ல அள்ளுனாலும் உப்புதான். சிறுநீரகம் ஊர் பேரு கேக்காதுங்க." பிறகு, "பொடின்னு சொன்னீங்க, நானும் தலையை ஆட்டிட்டேன். அதுல என்னன்னு தோண்டிக் கேட்டிருக்கணும்" என்றார்.

பிள்ளையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். சற்றைக்கொரு தரம் டாக்டர் வந்து பட்டையைச் சுற்றினார். செல்லமுத்து கட்டிலின் தலைமாட்டில் நின்று, தராசு முள்ளைப் பார்க்கிற கண்ணோடு பாதரசத்தைப் பார்த்தார். அது நிற்கிற இடம் அவருக்கு விளங்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த முகம் கொஞ்சம் இளகியது. சொர்ணவல்லி அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

வீக்கம் வடிய நாளாயிற்று. சிறுநீர் தெளிந்தது. வீடு திரும்பின பிறகும் உப்புச் சாடி கடையிலேயே இருந்தது. அதை எப்போது கொண்டுவரப்போகிறாய் என்று பொன்னம்மாள் தம்பியைக் கேட்டாள். டாக்டர் சொல்லும்போது என்றார் அவர். அடுப்படிப் பலகையில் பொன்னம்மாள் இன்னும் உட்கார்ந்தாள், இப்போது கீரை ஆய்வதற்கு. கடையில் மேல்தட்டு ஜாடி கீழே இறங்கியிருந்தது. வீக்கத்துக்கு என்று யாராவது இந்துப்பு கேட்டு வந்தால், முதலில் புதுக்கோட்டைக்குப் போய்ப் பிரஷர் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவர் சொல்வதாகவும், மருந்துக் கடைக்காரனே ஆளை விரட்டுகிறான் என்று கடைவீதியில் சிரிப்பதாகவும் கேள்வி.

மத்தியானங்களில் அவர் வீட்டுக்கே சாப்பிட வந்தார். முதல் நாள் அலமேலுவின் பக்கத்தில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சொர்ணவல்லி இருவருக்கும் ஒரே சட்டியிலிருந்து பரிமாறினாள். அவர் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது அலமேலு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்கப்பா. நான் பாக்குறேன்."

அவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். செல்லமுத்து பிசைந்த கையோடு, மூச்சுவிடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொர்ணவல்லியும் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"உப்பு இல்ல" என்றாள் பிள்ளை. "சாப்பிடுங்க."